அம்மாவே குடுத்தாலும் கேளு

இந்தப் பக்கம் வந்து உக்காருங்கக்கா. அந்தச் சேர் கால் ஆடுது. காலையிலேர்ந்து அதுல உக்காந்து எனக்கு முதுகே போச்சு. டோக்கன் வாங்கிட்டீங்களா? வீட்டுக்காரருக்கா? ஓ, சுகரா. புண்ணு ஆற மாட்டேங்குதா. ம். இப்ப யாருக்குத்தான் இல்ல.

அது என்ன பையில, பொடி? சுகருக்கா? யாரு குடுத்தா, சித்த வைத்தியரா? ஓ, பக்கத்து வீட்ல குடுத்தாங்களா. அக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர்கிட்ட அதை மறக்காமச் சொல்லிருங்க. மறைக்காதீங்க. நம்மாளுங்க பண்ற பெரிய தப்பே அதுதான். நாட்டு மருந்துதானே, அதெல்லாம் மருந்துல சேத்தியான்னு சொல்லாம விட்டுருவாங்க. டாக்டர் பாட்டுக்கு மாத்திரை எழுதிருவாரு. அது ஒரு பக்கம் இழுக்கும், இது ஒரு பக்கம் இழுக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா. நான் டீச்சருக்கா. கவர்மெண்டு கேர்ள்ஸ் ஸ்கூல்ல சயின்ஸ். டீச்சர்னா பாடம் மட்டும் நடத்திட்டு வீட்டுக்குப் போயிருவோம்னு நெனைக்காதீங்க. எலெக்‌ஷன் வந்தா நாங்க, சென்சஸ் வந்தா நாங்க, பூச்சி மாத்திரை குடுக்கணும்னா நாங்க. இதெல்லாம் போதாதுன்னு போன வருஷம் ஒரு ட்ரெயினிங் போட்டாங்க. பிள்ளைங்களுக்கு மருந்தை எப்படிப் பாதுகாப்பாச் சாப்புடணும்னு சொல்லிக் குடுக்கணுமாம். ஸ்கூலுக்கு ஒரு டீச்சர். யாரும் கை தூக்கல. ஹெச்.எம். என்னைப் பாத்தாங்க. எப்பவும் என்னைத்தான் பாப்பாங்க.

எனக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். எம்பொண்ணுக்குத்தான். சுபிக்‌ஷா. ப்ளஸ் ஒன் பரிட்சை இப்பத்தான் முடிச்சா. என் ஸ்கூல்லயேதான் படிக்கிறா. உள்ள படுக்க வெச்சிருக்காங்க, காலுக்கு ஸ்கேன் எடுக்கணும்னு. கெண்டைக்கால் வீங்கிப் போய்க் கெடக்கு. ஒத்தக் கால் மட்டும். தொட்டாச் சுடுது. எங்க ஊர் டாக்டர் அதைப் பாத்தவுடனே, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னைக்கே போங்க, பஸ்ல வேண்டாம், நடக்க விடாதீங்கன்னாரு. அவ வீட்டுக்குள்ள கூட நடந்து பழகுன புள்ள இல்லக்கா, ஓடித்தான் பழக்கம்.

பயமாத்தான் இருக்கு. வேற என்ன சொல்ல.

பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தேவலாம் போல இருக்கு, அதான் பேசுறேன். உங்களுக்குத் தொந்தரவா இருந்தாச் சொல்லுங்க.

என்ன சொன்னேன், ட்ரெயினிங். அந்த வகுப்பை நான் ஏனோதானோன்னு எடுக்கலக்கா. வேண்டாவெறுப்பா வாங்குனாலும் வாங்குன வேலையைச் சரியாச் செய்யணும். வீட்ல கெடந்த காலி மாத்திரை அட்டையெல்லாம் பொறுக்கிட்டுப் போனேன். ஆளுக்கொரு அட்டையைக் குடுத்து, பேரு எங்க இருக்கு பாரு, மில்லிகிராம் எங்க இருக்கு பாரு, காலாவதி தேதி எங்க இருக்கு பாருன்னு படிக்க வெச்சேன். நம்ம ஊர் மெடிக்கல்ல என்ன பண்றாங்க? காய்ச்சல்னு போய் நின்னா ஒரு செட்டுன்னு நாலு மாத்திரையைக் கத்தரியால வெட்டி ஒரு கவர்ல போட்டுக் குடுப்பாங்க. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்ச, ஒண்ணு ரோஸு. என்னான்னு கேட்டா, சாப்பாட்டுக்குப் பெறகு போடுங்கம்பாங்க. அதைத்தான் நான் மொதல்ல பிடிச்சேன். பேரு தெரியாத மாத்திரை வாய்க்குள்ள போகக் கூடாது. இது என்ன, எதுக்கு, எத்தனை நாளைக்கு. இந்த மூணையும் கேக்காம முழுங்கக் கூடாது. யார் குடுத்தாலும் கேளு. அம்மாவே குடுத்தாலும் கேளு.

இதைச் சொல்றப்ப பிள்ளைங்க சிரிக்கும். அம்மாவே குடுத்தாலுமா டீச்சர்னு. ஆமா, அம்மாவே குடுத்தாலும்னு நான் மறுபடியும் சொல்லுவேன். அப்பறம் எல்லாம் சேந்து கோரஸாச் சொல்லும். எங்க ஸ்கூல் காம்பவுண்டுச் செவத்துலயே எழுதிப் போட்டாச்சு. ஒரு தாய் வந்து எங்கிட்டச் சண்டைக்கு நின்னுச்சு. என்ன டீச்சர் இப்படிச் சொல்லிக் குடுத்துருக்கீக, சளிக்குக் கசாயம் வெச்சுக் குடுத்தா, இதுல என்ன போட்ருக்க, எத்தன நாளைக்குன்னு எம்மக கேள்வி கேக்குறான்னு. நான் சொன்னேன், கேக்கட்டும், நல்லதுதானே, பதில் சொல்லுங்கன்னு.

ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாப் போட்டோம். சுபிதான் மெயினு. வயித்து வலியில இருக்குற புள்ள. பக்கத்து வீட்டு அம்மா கையில வெச்சு நீட்டுற மாத்திரையை வாங்கி முழுங்கிட்டு மயங்கி விழணும். அப்பறம் டாக்டர் வந்து, என்னம்மா சாப்பிட்டன்னு கேப்பாரு. இவளுக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளை மாத்திரைம்பா. கூட்டமே சிரிக்கும். அப்படியே தத்ரூபமா விழுந்தாக்கா. கடைசியில எந்திரிச்சு வந்து, டாக்டர் கேட்டா ஒண்ணு விடாமச் சொல்லணும், வெக்கப்பட்டு மறைச்சா உசுருக்கே ஆபத்துன்னு வசனம் பேசுவா. நான் எழுதுன வசனம். சிறப்பு விருந்தினரா வந்த சுகாதார நிலையத்து டாக்டரம்மா எழுந்து நின்னு கை தட்டுச்சு.

அன்னைக்கு ஒரு பிள்ளை மட்டும் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிருச்சு. முத்துச்செல்வின்னு, கடைசி பெஞ்சு. சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னு டாக்டரம்மா சொல்லுது, இது எந்திரிச்சு, கோயிலுக்குப் போறதுக்காக நாள் தள்ளிப் போட ஒரு மாத்திரை குடுப்பாங்கள்ல, அதுக்கும் கேக்கணுமான்னு கேக்குது. மேடையில ஆம்பளைங்க இருக்காங்க, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் இருக்காரு. எனக்குச் சங்கடமாப் போச்சு. டாக்டரம்மா வாயைத் தெறக்குறதுக்குள்ள, அது வேற, நீ உக்காருன்னுட்டேன். எங்க எதைக் கேக்கணும்னு ஒரு இங்கிதம் வேண்டாமா. அதையும் நாமதான் சொல்லிக் குடுக்கணும்.

என்ன கேட்டீங்க? கால் எப்படி வீங்குச்சா?

பொங்கலுக்கு அப்பறம்தான். பங்குனிப் பொங்கல். எங்க வீட்டுக்காரர் ஊர்ல அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பாங்க. உங்க ஊர்லயும் உண்டுல்ல? சட்டியில எருப் போட்டு, நவதானியம் வெதச்சு, இருட்டு அறையில வெச்சு வளத்து, பொங்கலன்னைக்குப் பொம்பளைப் பிள்ளைங்க தலையில தூக்கிட்டுக் கோயிலுக்குப் போறது. முளைப்பாரி வளக்குற அந்த வீட்டுக்கு அவ்வளவு சுத்தம் பாப்பாங்க. வீட்டுக்குத் தூரமானவங்க அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு சட்டி. எங்க வீட்டுச் சட்டி சுபி பேர்லதான் போடுவாங்க.

போன வருஷம் சட்டியெல்லாம் நல்லா வளந்து, பொங்கலன்னைக்குக் காலையில குளிக்கப் போன புள்ள குளியலறையிலேர்ந்தே என்னைக் கூப்புடுறா. எனக்குக் கூப்பிட்ட குரல்லயே தெரிஞ்சு போச்சு. என்ன செய்ய முடியும்? எங்க நாத்தனா தங்கமாரி அவ மகளை விட்டு எங்க சட்டியைத் தூக்க வெச்சா. தூக்குனது கூடப் பரவாயில்லக்கா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்புத்தேன் வரும், சாமி வராதுன்னா. பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. எம்புள்ள மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல தனியா உக்காந்து கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தா. வருஷம் பூரா எனக்கு அது போகல. சோறு வடிக்கையில நெனப்பு வரும். பேப்பர் திருத்தையில நெனப்பு வரும்.

அதான் இந்த வருஷம் முன்னாடியே அந்த மாத்திரையை மெடிக்கல்ல சொல்லி வாங்கிட்டேன். எல்லாரும் வாங்குறதுதானே. கல்யாணம்னா வாங்குறாங்க, திருப்பதின்னா வாங்குறாங்க. எங்க ஸ்டாப் ரூம்ல கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. அது என்ன நோய்க்கா குடுக்குறோம்? மருந்துன்னா நோய்க்குக் குடுக்குறது. இது சும்மா, நாலு நாள் பொறுத்து வான்னு சொல்றது. அவ்வளவுதான்.

சுபி சும்மா வாங்கிக்கிட்டாளா? கையில குடுத்தா, அட்டையைக் காட்டுங்கம்மாங்கறா. எங்கிட்டயே. இது என்ன, எத்தனை நாளைக்குங்கறா. முழுங்குடி, சாமி காரியத்துக்குன்னேன். டாக்டர்கிட்டக் கேட்டீங்களாங்கறா. எனக்கு வந்த கோபத்துக்கு, ஸ்கூல்ல சொல்றதை ஸ்கூலோட வெச்சுக்கோன்னுட்டேன். பின்ன என்னக்கா, தினம் வேளாவேளைக்கு அட்டையை வாங்கிப் படிச்சுட்டுத்தான் முழுங்கறா. பெத்த தாய் மேல அவ்வளவு நம்பிக்கை.

அதுல பாருங்க, காப்புக் கட்டுறதுக்கு மொத நாளு ஊர்ல ஒரு பெரிய சாவு. பங்காளி வகையறாவுல. பொங்கலை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாங்க, அப்பறம் கொட்டுக்காரங்க கிடைக்கலன்னு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சு. நான் என்ன பண்ணட்டும்? மாத்திரையை நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துரும். வந்தா சரியாத் திருவிழா நடுவுலதான் வரும். அதனால நிறுத்தல. இன்னொரு அட்டை வாங்குனேன், அதுவும் தீந்து மறுபடியும் வாங்குனேன். மெடிக்கல் தம்பி கூட, இன்னும் முடியலையா டீச்சர்னு கேட்டுச்சு. முடிஞ்சுரும்பான்னேன். சுபி ஒருநாள், தலை வலிக்குதும்மா, போதும்மான்னா. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான்டான்னு சொன்னேன்.

ஆனா எடுத்தாக்கா. பச்சைப் பாவாடை தாவணி கட்டி, தலையில சட்டியோட அவ வந்த வரத்து இருக்கே. பயிரு ஒரு முழத்துக்கு வெள்ளையா நிமிந்து நின்னுச்சு. தெருவே பாத்துச்சு. தங்கமாரி மொகத்தை நான் பாத்தேன். பாக்கணும்னே பாத்தேன். ஒரு வருஷத்துப் பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு.

வந்த அன்னைக்கே கால் வலிக்குதுன்னா. வெறுங்கால்ல வெயில்ல நடந்ததுன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனைப்பாங்க? தைலம் போட்டுக் காலையிலயும் சாயங்காலமும் நல்லா அமுக்கி உருவி விட்டேன். தேய்க்கத் தேய்க்க அவ கத்துவா. பொறுத்துக்கோம்பேன். அதை இங்க சொன்னதும் சின்ன டாக்டர் ஒருத்தர், தேய்ச்சீங்களான்னு எம்மொகத்தையே பாத்தாரு. தேய்க்கக் கூடாதாம். யாருக்குத் தெரியும்.

சொன்னேனாவா? எதை?

ஏங்க்கா அப்படிப் பாக்குறீங்க.

டாக்டர் கேட்டாரு. மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிட்டாளான்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல சார், நாங்க தும்முனா மாத்திரை போடுற குடும்பம் இல்லன்னேன். அது உண்மைதானே. ரெண்டாவதா ஒருத்தரு வந்து அதையே கேட்டாரு. எனக்குச் சுள்ளுன்னு ஆயிருச்சு. யாரைப் பாத்து என்ன கேக்குறாங்க. ஊருக்கே மாத்திரையைப் பத்திப் பாடம் எடுக்குறவ நான். இல்ல சார்னு கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். சுபி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அக்கா, நீங்களும் ஒரு பொம்பளை. யோசிச்சுப் பாருங்க. சுத்தி டாக்டருக்குப் படிக்கிற ட்ரெயினிங் பசங்க நிக்கிறாங்க, மீசை மொளைக்காத பசங்க. வயசுப் புள்ளைக்கு நாள் தள்ளிப் போட மாத்திரை குடுத்தேன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காச்சின்னு வராதா? அதுவும் போக, மாத்திரை வயித்துக்குள்ள போகுது, கால் கீழ இருக்கு. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இல்லக்கா, எனக்குத் தெரியும். நீங்க சும்மா பயமுறுத்தாதீங்க. பொடியை டாக்டர்கிட்டச் சொல்லணும்னு நான் சொன்னது வேற. அது சுகருக்குச் சாப்புடுறது. இது அப்படி இல்ல.

சரி, உள்ள போய்த் தனியாச் சொல்லுங்கறீங்க. சொல்லலாம். பெரிய டாக்டர் தனியா இருந்தா, பேச்சோட பேச்சாச் சொல்லலாம். ஸ்கேன் முடியட்டும்.

இருங்க, சிஸ்டர் கூப்புடுறாங்க. சுபிக்‌ஷா அம்மா நான்தாங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா.

*

இன்னும் உங்களைக் கூப்பிடலையா. பையைக் குடுங்க. பரவாயில்லக்கா, நான் வெச்சுக்குறேன்.

ரத்தம் கட்டியிருக்காம். கால் நரம்புக்குள்ள. ஸ்கேன்ல தெரியுதாம். அது அங்கேயே இருந்தாப் பரவாயில்லையாம், மேல நெஞ்சுக்கு ஏறிரக் கூடாதாம். மூச்சு முட்டுதா, மூச்சு முட்டுதான்னு அவகிட்டத் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. ஊசி ஆரம்பிச்சுட்டாங்க. அவ்வளவு தேய்ச்சும் ஏறாம இருந்துருக்கு பாருங்கன்னு டாக்டரு சொன்னாரு. எங்கிட்டச் சொல்லல, பக்கத்துல இருந்தவர்கிட்ட. எனக்கு என் கை ரெண்டையும் எங்க வெச்சுக்குறதுன்னு தெரியல.

நான் சொல்லலக்கா.

நான் சொல்றதுக்கு வாயெடுத்தேன். சத்தியமா எடுத்தேன். அதுக்குள்ள டாக்டரே, உங்க பொண்ணு எல்லாம் சொல்லிருச்சும்மான்னாரு. ஸ்கேன் ரூம்ல வெச்சே சொல்லிட்டாளாம். மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், வேளைக்கு எத்தனை, என்னைக்கு ஆரம்பிச்சது, திருவிழா தள்ளிப் போனது, என்னைக்கு நிறுத்துனது. தலைவலி வந்தது. தைலம். அத்தனையும். அந்தச் சின்னப் பசங்க எல்லாம் நிக்கத்தான் சொல்லியிருக்கா. ஒருத்தரும் சிரிக்கலயாம், எழுதிக்கிட்டாங்களாம். இது தெரியாட்டி நாங்க வேற எதையெல்லாமோ தேடிக்கிட்டு இருந்துருப்போம்னாரு. மாத்திரையை யாரும்மா குடுத்தான்னு கேட்டிருக்காரு. எங்க அம்மான்னு சொல்லியிருக்கா.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. இனி எந்தக் கோயிலுக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் இந்த மாத்திரை இவளுக்குக் கூடவே கூடாதுன்னாரு. சரி சார்னேன். அப்பறம் சொல்றாரு, இப்படிக் கோர்வையாச் சொல்ற பிள்ளையை நான் பாத்ததே இல்லம்மா, இப்படிச் சொல்லணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன், எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர்ங்குது, அந்த டீச்சரைப் பாத்தா நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்கன்னாரு.

சுபி மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. என்னைப் பாக்கல. அந்த டீச்சர் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல. சொல்லல.

நானும் சொல்லலக்கா. சொல்றேன் சார்னுட்டு வந்துட்டேன்.

உங்க நம்பர் கூப்புடுறாங்க பாருங்க. எந்திரிங்க, மெதுவா. அந்தப் பொடியைக் கையிலயே எடுத்துட்டுப் போங்க. பைக்குள்ள வெச்சா சொல்ல மறந்துருவீங்க.

நான் கொஞ்சம் இப்படியே உக்காந்துருக்கேன். உள்ள இருக்கச் சொன்னாங்க, எனக்குத்தான் முடியல. நான் வெளிய வர்றப்ப, அவளுக்கு நாக்கு வறண்டு போயிருக்குமேன்னு தம்ளர்ல தண்ணி ஊத்தி அவகிட்ட நீட்டுனேன். வாங்குனா. வாங்கிக் கையிலயே வெச்சுக்கிட்டு, என்னம்மா இதுன்னு கேட்டா.

தண்ணிதான்டான்னேன்.

அப்பறம்தான் வாயில வெச்சா.